கொஞ்சம் அவளைக் கூப்பிடுறீகளா?

போன வாரம் மஸ்கட் நகரப் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். வெள்ளை அங்கி, பூவேலை செய்த குல்லா, நல்ல அத்தர் வாசனை. நான் ஊர்க் கல்யாண வீடியோ ஒன்றைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் போனைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். யாருக்கோ பேச வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, போனை அவர் கையிலேயே வைத்துவிட்டேன். கையில் யாரோ கைக்குழந்தையைத் திணித்ததுபோல அவர் திகைத்தார். பிறகு பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி நாதஸ்வரச் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பின் இருக்கைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இந்த ஊரில் அந்நியரிடம் யாரும் போன் கேட்பதில்லை. தண்ணீர் கேட்பார்கள், தீப்பெட்டி கேட்பார்கள், சார்ஜர் கூடக் கேட்பார்கள். போன் மட்டும் பல் துலக்கும் பிரஷ் மாதிரி, அவரவருக்கு உரியது. நம் பக்கம் அப்படியா? காரைக்குடியில் ரயில் ஏறி மானாமதுரை போவதற்குள் யாராவது ஒருவர், "தம்பி, சார்ஜு இல்ல, ஒரு மிஸ்டு கால் மட்டும் குடுத்துக்கிறேன்" என்று வந்து நிற்பார். கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கென்று எழுதாத மரியாதைகளும் உண்டு. வாங்கியவர் நம் கண்ணை விட்டு நகரக் கூடாது. நம் காதில் விழும்படிதான் பேச வேண்டும். பேசி முடித்ததும் துண்டிலோ முந்தானையிலோ திரையைத் துடைத்துக் கொடுக்க வேண்டும். இப்போது ஊரிலும் போன் வாங்கி வங்கிக் கணக்குப் பணத்தைத் துடைத்தெடுக்கிறார்கள், ஓடிப்போகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். பயப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு அந்தப் பயம் வராமல் போனதற்கு அத்தா, அதாவது என் அப்பா, நடத்திய மாவு மில்தான் காரணம். காரைக்குடி செக்காலையில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் போன் அந்த மில்லில்தான் இருந்தது. தெருவில் பாதிப் பேர் வெளிநாட்டுக் கடிதங்களில் எங்கள் எண்ணை எழுதி, அக்கம்பக்கத்துப் போன் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் பி.பி. என்று போட்டுக்கொள்வார்கள். சவுதியிலிருந்து ஒரு குரல், "எங்க வீட்ல கொஞ்சம் கூப்பிடுறீகளா? பத்து நிமிசத்துல திரும்பப் போடுறேன்" என்னும். மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாலும் அத்தா மில்லை நிறுத்திவிடுவார். அம்மா கை மாவோடு அந்த வீட்டை நோக்கி ஓடுவார். கூப்பிடப் போன இடத்தில் ஆள் இல்லையென்றால், எங்கே போயிருக்கிறார் என்று விசாரித்து வந்து சொல்வதும் எங்கள் பொறுப்பு. போன் வைத்திருப்பவன் ஆளைக் கூட்டிவந்து பேசவைக்கக் கடமைப்பட்டவன். எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய நினைப்பு.

போன முறை விடுமுறை முடிந்து திருச்சியில் விமானம் ஏறி மஸ்கட் இறங்கியபோது, பெட்டிகள் சுழன்று வரும் இடத்தில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். முப்பது வயதிருக்கும். கயிறு கட்டிய என் அட்டைப்பெட்டியில் தங்கை மார்க்கரால் கொட்டை எழுத்தில் காரைக்குடி என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"அண்ணே, காரைக்குடியா? நான் கீழச்சிவல்பட்டி. என் போன் இங்க எடுக்க மாட்டேங்குது. வந்து சேந்துட்டேன்னு அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கிறவா?"

கொடுத்தேன். என் முழங்கை படும் தூரத்திலேயே நின்று, ஸ்பீக்கர் போட்டுப் பேசினாள். பெயர் முத்துலெட்சுமி என்பதும், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை என்று சொல்லி அழைத்து வந்திருக்கிறார்கள் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. "யாரு போனு ஆத்தா?" என்றது மறுமுனை. "காரைக்குடி அண்ணன்ப்பா." "அப்ப சரி. அவுக நம்பரை வாங்கி வச்சுக்க" என்று அந்தக் குரல் தெம்பாகச் சொன்னது. அவளும் என் எண்ணைக் கேட்டுத் தன் பொத்தான் போனில் பதிந்துகொண்டாள். என் போனைத் துப்பட்டாவில் துடைத்துக் கொடுத்தாள். வெளியே பெயர் எழுதிய அட்டையோடு நின்ற ஒருவன் அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தான். அவள் பின்னால் போனாள்.

சில வாரங்கள் கழித்து, மாடியில் ஏ.சி. ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது.

"தம்பி, கீழச்சிவல்பட்டி கருப்பையா பேசுறேன். நம்ம முத்துலெட்சுமிய கொஞ்சம் கூப்பிடுறீகளா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. அன்று என் போனில் பேசியதோடு சரி, அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அனுப்பிவைத்த ஏஜென்ட் போனை அணைத்துவிட்டான். அந்த மனிதருக்கு இந்த நாட்டில் தெரிந்த ஒரே எண் என்னுடையது. அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, இது பெரிய ஊர் என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி தம்பி, வேலையில இருப்பீக. நான் வச்சிட்டுச் செத்த நேரங்கழிச்சுப் போடுறேன். அதுக்குள்ள ஆள் விட்டுப் பாருங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. என் அத்தாவின் மில்லுக்கு வந்த அதே அழைப்பு இது. அங்கே அம்மா ஓடுவதற்கு ஒரு தெரு இருந்தது. நான் எந்தத் தெருவில் ஓடுவேன்?

தூதரகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். வேலைக்கு எடுத்தவர் பெயர் வேண்டும், இல்லையென்றால் பாஸ்போர்ட் எண்ணாவது வேண்டும் என்றார். கருப்பையாவிடம் இரண்டும் இல்லை. ஏஜென்ட் எல்லாவற்றையும் தானே வைத்துக்கொண்டிருக்கிறான். விமான நிலையத்தில் கேட்டேன், ஆஸ்பத்திரிகளின் வாசலில் துப்புரவுப் பெண்களைக் கேட்டேன். ஆஸ்பத்திரி என்று சொல்லி அழைத்து வந்து வீட்டு வேலைக்குத் தள்ளிவிடுவது உண்டு என்று ஒரு மலையாளி நர்ஸ் சொன்னார். அன்றிலிருந்து ஏ.சி. பழுது பார்க்கப் போகும் வீடுகளிலெல்லாம் என் கண் அடுக்களைப் பக்கமே போகத் தொடங்கியது. வெளிநாட்டில் பிழைப்பவனுக்கு ஆகவே ஆகாத பழக்கம் அது. தெரிந்தும் செய்தேன்.

ஒரு வீட்டில், அதே உயரம், அதே சாயலில் ஒரு பெண் முதுகைக் காட்டி நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "எந்த ஊரும்மா?" என்றேன். திரும்பினாள். அவள் இல்லை. தமிழும் இல்லை. பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வீட்டுக்காரம்மா வந்து ஆங்கிலத்தில் என்னவென்று கேட்டார். "மை வில்லேஜ் சிஸ்டர் மிஸ்ஸிங்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இந்தப் பெண்ணையே என் தங்கை என்று சொல்லி அழைத்துப்போக வந்திருக்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். கம்பெனிக்குப் போன் போனது. மேலாளர் கத்தவில்லை. "கல்லி வல்லி" என்றார். விட்டுத் தள்ளு என்று அர்த்தம், இங்கே எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. இன்னொரு புகார் வந்தால் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்றும் சேர்த்துச் சொன்னார். கருப்பையா திரும்பத் திரும்பக் கூப்பிடுவதைப் பார்த்து, கூட வேலை பார்ப்பவர்கள் சிம்மை மாற்றிவிடு என்றார்கள். அவள் போனில் என் எண் இருக்கிறது. எப்படி மாற்றுவேன்?

இந்த முறை விடுமுறையில் ஊருக்குப் போனதும், நேரில் பார்த்தால் அந்த மனிதருக்கு ஆறுதலாக இருக்கும் என்று கீழச்சிவல்பட்டிக்குப் போனேன். பெரிய பெரிய கோட்டை வீடுகளைத் தாண்டி, ஊர்க் கடைசியில் ஓட்டு வீடு. கருப்பையா வாசலில் வேலிக் கருவை விறகைப் பிளந்துகொண்டிருந்தார். யாரென்று சொன்னேன். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தார். கூட யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் என் முகத்தைப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்த எனக்கு அவர் முகத்தில் ஏறிய கலவரம் விளங்கவில்லை.

"நீக இங்குட்டு வந்துட்டீகளே தம்பி. அங்க அவ கூப்பிட்டா யாரு எடுப்பாக?"

"ரோமிங் போட்டிருக்கேன் அய்யா. எங்க இருந்தாலும் இந்த போனுக்கே வரும்."

போனை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"வரும், சரி. அவ அழுதுகிட்டே 'வாங்கண்ணே'ன்னு கூப்பிடுறான்னு வைங்க. இங்க இருந்துக்கிட்டு எப்படிப் போயி அவளைக் கூட்டியாருவீக?"

அங்கே இருந்தபோதும் என்னால் முடியவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவருடைய மனைவி சொம்பில் மோர் கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் நிறுத்தம்வரை கருப்பையா கூடவே வந்தார். வழியெல்லாம் ஒரே கேள்விதான், "எப்ப திரும்பப் போறீக?" விடுமுறையில் வருகிறவனை எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள், நமக்கும் சலித்துப்போன கேள்விதான். ஆனால் அவர் கேட்டது வேறு. பஸ் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீக. சீக்கிரம் போயிருங்க தம்பி."

என் சொந்த மண்ணில் நின்றுகொண்டு ஒரு மனிதர் என்னைப் போய்விடும்படி கெஞ்சினார். அதில் தப்பேதும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் வலித்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் போன் அடித்தது. அவளோ என்று பெயரைக்கூடப் பார்க்காமல் அழுத்தினேன். எடுத்தால் அம்மா.

"எங்குட்டுடா இருக்கே? சோறு ஆறிப்போகுது."

அம்மாவுக்குப் பதில் சொல்ல, எந்த ஊரில் இருக்கிறேன் என்று நான் ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டியிருந்தது.