கொடியில் துணி, காதில் ஆஸ்திரேலியா

திண்டுக்கல்லில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் இஞ்ஞாசியை மிஞ்ச ஆள் கிடையாது. இதைச் சொன்னவரும் இஞ்ஞாசிதான். அதனால் உண்மை பொய்யாகிவிடுமா? எரியோடு, வடமதுரைப் பக்கத்துக் கிணற்று மோட்டார்களெல்லாம் கருகிய வாடையோடு அவர் பட்டறைக்கு வந்து படுக்கும். எழுந்து போகும்போது உறுமிக்கொண்டுதான் போகும்.

அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அப்படிப்பட்டவருக்கு நாற்பது வயதுக்கு மேல் ஹாம் ரேடியோப் பைத்தியம் பிடித்தது. உரிமம் வாங்கிக்கொண்டு, வீட்டில் சொந்த செட்டை வைத்து, உலகத்தில் தம்மைப் போன்ற பைத்தியங்களோடு வானத்து வழியே பேசுவதுதான் ஹாம் ரேடியோ. தந்தி பாஷை முதற்கொண்டு நெட்டுருப் போட்டு, பரீட்சை எழுதி உரிமம் வாங்கினார். ஓடிக்கொண்டிருந்த ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டுப் பழைய ஜப்பான் செட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அந்த ஸ்கூட்டர் ரெட்டியார்சத்திரம் போறதுக்குள்ள மூச்சு வாங்கும். இது ரஷ்யா வரைக்கும் போகும், பாத்துக்க" என்றார் மனைவி செபாஸ்தியம்மாளிடம்.

"அப்ப ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு ரஷ்யா வழியாத்தான் போகணுமாக்கும்" என்றாள் அவள்.

ரஷ்யா எங்கே போவது? வீட்டுக்கூரை மேல் தாழக் கட்டியிருந்த கம்பியில் கோயம்புத்தூரும் தஞ்சாவூரும்தான் கேட்டன. எல்லோரும் இரண்டு தென்னைமரங்களுக்கு நடுவில் உயரமாக ஏரியல் கம்பி கட்டுவார்கள். இவர் மனையில் முருங்கைகூட இல்லை. 'மரம் இல்லைன்னா என்ன, நானே ஒண்ணு நடுறேன்' என்று ஆழ்குழாய்க் கிணற்றின் பழைய இரும்புக் குழாய் ஒன்றைக் கொல்லையில் செங்குத்தாக நிறுத்தினார். குழாய் மண்ணைத் தொடக்கூடாது. அதற்காக அதன் காலடியில் செபாஸ்தியம்மாளின் ஊறுகாய் ஜாடி குப்புறக் கவிழ்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்நாட்டு ஹாம்கள் வானத்தில் கூடிப் பேசுவார்கள். இஞ்ஞாசி அங்கே தம் குழாயின் பெருமையை அளந்தார். வடமதுரையிலிருந்து போய்க் கோயம்புத்தூரில் டிவி ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் பாண்டியராஜுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, குழாய நட்டுவச்சா தண்ணி வரும். ஆஸ்திரேலியாவா வரும்?"

"வரும்டா. பொங்கலுக்குள்ள வரவைக்கிறேன். வரலைன்னா என் செட்டு உனக்கு!"

வானத்தில் கேட்டுக்கொண்டிருந்த தஞ்சாவூர்க்காரர் இருமினார்.

"வந்துருச்சுன்னா?" என்றார் பாண்டியராஜ்.

"ஏரியல்னா இஞ்ஞாசியண்ணன் ஏரியல்தான்னு இங்க எல்லாருக்கும் கேக்க மூணு தடவ சொல்லணும்."

பந்தயம் முடிவானது. செபாஸ்தியம்மாள் அடுப்படியிலிருந்து, "ஸ்கூட்டரும் போச்சு, செட்டும் போகப்போகுது. மிச்சம் நான் ஒருத்திதான்" என்றாள்.

குழாய் ஏரியலுக்கு எர்த், அதாவது பூமித் தொடர்பு வேண்டும். செட்டிலிருந்து ஒரு கம்பி குழாய்க்கு, இன்னொரு கம்பி எர்த்துக்கு. குழாயின் காலடியிலிருந்து நாலா பக்கமும் கம்பிகளை விரித்துப் போடச் சொன்னது புத்தகம். படத்தைப் பார்த்து இஞ்ஞாசி வயிறு குலுங்கச் சிரித்தார். "குழி தோண்டத் தெரியாத பய போட்ட படம்! ஊரெல்லாம் கம்பியப் பரப்பச் சொல்றான்." மோட்டாருக்கு எப்படி எர்த் போடுவாரோ அப்படியே போட்டார். ஆழமாக ஒரு குழி, அதில் கரி, உப்பு, நடுவில் ஓர் இரும்புக் கம்பம். காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது செபாஸ்தியம்மாளின் வேலை. மின்னலே வந்தாலும் அதில் மரியாதையாக இறங்கிப் போகும். அப்பேர்ப்பட்ட எர்த்.

ஆனால் ஆஸ்திரேலியா அசையவில்லை. ஈனசுரத்தில் எவனெவனோ பேசுவது கேட்கும். இவர் தொண்டை கிழியக் கூப்பிட்டால் ஒருவனும் திரும்ப மாட்டான். குழாயைத் துடைத்தார். ஜாடியைத் திட்டினார். மார்கழி பாதி போய்விட்டது. 'செட்டு வைக்க மேசையத் தொடச்சு வச்சிருக்கேன்ணே' என்று பாண்டியராஜ் தகவல் வேறு சொன்னார்.

துணி காயப்போடும் இடத்தில்தான் அந்தக் குழாய் நின்றது. செபாஸ்தியம்மாள் எத்தனை நாள் பொறுப்பாள்? ஒருநாள் எரிந்த மோட்டாரிலிருந்து பிரித்த செம்புக்கம்பியை எடுத்து, ஒரு முனையை எர்த் கம்பத்தின் தலையில் முறுக்கினாள். மறுமுனையை வேலிக்கல்லில் கட்டித் துணியைப் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் செட்டைத் திருப்பிய இஞ்ஞாசி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். ஈனசுரங்களெல்லாம் தொண்டை செருமிக்கொண்டு நிமிர்ந்திருந்தன. கொல்லைக்கு ஓடினார். அவருடைய கட்டம் போட்ட கைலி கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. கம்பியை அவிழ்த்துவிட்டு ஓடிவந்து கேட்டார், சத்தம் சுருங்கியது. கட்டிவிட்டு ஓடிவந்தார், பொங்கியது.

"ஏ புள்ள! இன்னும் நாலு கொடி கட்டுறோம்!"

"வீட்டுல இருக்கிறது ரெண்டு பேரு. அம்புட்டுக் கொடிக்குத் துணிக்கு எங்க போறது? சும்மா கம்பியா இழுத்துக் கட்டுனா, போறவ வாரவ கழுத்துல மாட்டிக்குவா."

வேலிக்கு அந்தப் பக்கம் பூந்தோட்டம் வைத்திருக்கும் ராமுத்தாயிடம் போய்த் துணி கேட்டார் இஞ்ஞாசி. கொடிகள் வேலியைத் தாண்டி நாலா பக்கமும் விரிந்தன. ராமுத்தாய் வீட்டுச் சேலை, வேட்டி, போர்வை எல்லாம் அதில் ஏறின. ஒரே ஒரு சட்டம்தான்: ஜன்னலில் சிவப்புத் துண்டு தொங்கினால் அவர் மைக்கில் பேசுகிறார் என்று அர்த்தம், அப்போது கம்பியைத் தொட்டால் விரலைச் சுட்டுவிடும்.

இப்போது கொல்லை அப்படியே புத்தகத்துப் படமாக இருந்தது. "புத்தகக்காரனும் கடைசியில என் வழிக்குத்தான் வந்திருக்கான்" என்றார் இஞ்ஞாசி.

போகிப் பண்டிகை சாயங்காலம். அதுதான் கடைசி வாய்ப்பு. எந்த அலைவரிசையில் பேசப்போகிறார் என்று பாண்டியராஜிடம் போனில் சொல்லிவிட்டு, சிவப்புத் துண்டைத் தொங்கவிட்டுக் கூப்பிட ஆரம்பித்தார். கூப்பிட்டார், கூப்பிட்டார். திடீரென்று மூக்கால் பேசும் ஒரு வெள்ளைக்காரக் குரல் அவருடைய உரிமத்து அழைப்புக்குறியைத் திருப்பிச் சொன்னது. ஆஸ்திரேலியா!

அந்த நேரம் பார்த்துத் தூறல் போட்டது. ராமுத்தாய் தலைதெறிக்க ஓடிவந்தாள். செபாஸ்தியம்மாள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கொடிக்கு முன்னால் நின்றாள்.

"யக்கா, பொங்கச் சீல நனையுது! விடுக்கா!"

"செத்த நேரம் பொறு. ஆஸ்திரேலியா வந்திருக்கு."

"ஆஸ்திரேலியாவா வந்து தொவச்சுக் குடுக்கும்?"

"நான் தொவச்சுத் தாரேன்டி. கைய மட்டும் வச்சுராத!"

உள்ளே இஞ்ஞாசி, "மை நேம் இஞ்ஞாசி! மை டவுன் திண்டுக்கல்! மை ஏரியல் போர்வெல் பைப்!" என்று வீடே அதிரக் கத்தினார். அந்த மனிதர் சிரித்துவிட்டு, பேரையும் ஊரையும் பைப்பையும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி வாழ்த்தினார். மழை வலுத்தது. துண்டு இறங்கியபோது பொங்கல் சேலை பிழிகிற பதத்தில் இருந்தது.

போன் அடித்தது.

"அண்ணே," பாண்டியராஜின் குரல் இறங்கியிருந்தது. "நீங்க பேசுனது ஒரு பொட்டு எனக்குக் கேக்கல. பக்கத்துல இருக்கிற என்னையத் தாண்டிக் குதிச்சுப் போயிருச்சு உங்க குழாய்ச் சத்தம்."

இஞ்ஞாசி செட்டை ஒரு கையால் அணைத்துக்கொண்டார். "அப்ப செல்லாதுங்கிறியா?"

"எப்படிண்ணே செல்லாதுங்கிறது? அந்த வெள்ளைக்காரன் பேசுனது மணியாக் கேட்டுச்சே. இஞ்ஞாசி, திண்டுக்கல், போர்வெல் பைப்புன்னு உங்க வீட்டு விலாசத்தையே ஒப்பிக்கிறான்!"

பொங்கலன்று காலையில் இஞ்ஞாசி செட்டைப் பழைய கூரைக்கம்பிக்கு மாற்றிக்கொண்டு வந்தார்; ஹாம்கள் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். பாண்டியராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏரியல்னா இஞ்ஞாசியண்ணன் ஏரியல்தான்" என்று மூன்று தடவை சொன்னார். தஞ்சாவூர்க்காரர் கைதட்டினார்.

இஞ்ஞாசி மைக்கை எடுத்தார். "தம்பி, சிக்னல் கொஞ்சம் வீக்கா இருக்கு. இன்னொரு தடவ சொல்லு."

ராமுத்தாயின் சேலையைக் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்த செபாஸ்தியம்மாள் கொல்லையிலிருந்து கத்தினாள்: "எனக்கே இங்க கேக்குது! அந்தத் தம்பிய விடுங்க!"