வயித்துவலிக்குத் தையல் ரூம்

சிம்மக்கல்லில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் போன வாரம் ஓர் அறை திறந்தார்கள். ஓய்வு பெற்ற டீச்சர்களுக்கும் அழைப்பு. முழங்கால் வலியோடு மூணு படி ஏறி நிமிர்ந்தால் கதவில் புதுப் பலகை: ‘மாணவியர் ஆலோசனை அறை’. பெயிண்டு வாடை மூக்கில் ஏறியது. எனக்கென்னவோ அதற்கும் அடியில் மிஷின் எண்ணெய் வாடை வந்தது. வராமல் என்ன செய்யும்? பழைய தையல் ரூம்தானே அது.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே நோய்தான், வயித்துவலி. அப்பா குடித்துவிட்டு அடித்தாலும் வயித்துவலி, அம்மா கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போனாலும் வயித்துவலி. “டீச்சர், வயித்த வலிக்குது” என்று ஒருத்தி எழுந்தால், “தையல் ரூமுக்குப் போ” என்போம். அங்கே ஜைனம்பு டீச்சர் என்ன ஏது என்று கேட்கவே மாட்டார். துண்டுத் துணியும் ஊசியும் கொடுத்து, “இந்த ஓரத்த மடிச்சுத் தை” என்பார். தானும் குனிந்து ஏதாவது தைப்பார். முகம் பார்க்காமல் தைக்கத் தைக்க, பாதித் துணியில் பிள்ளை தானாகப் பேச ஆரம்பிக்கும்.

எனக்கு இதைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கும். நான் அப்போதுதான் பி.எட். முடித்து வந்திருந்தேன், ஆலோசனை சொல்வது பற்றிய பாடத்தில் நல்ல மார்க் வேறு. அந்த மிதப்பு சாமானியமா! எதிரே உட்கார வை, கண்ணைப் பார்த்துப் பேசு என்று புத்தகத்தில் படித்திருந்தேன். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

என் ஒன்பதாம் வகுப்பில் பாண்டியம்மாள் என்று ஒருத்தி. மேலூர் ரோட்டில் ஒரு கிராமம். அவள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவளே அவள்தான். கணக்கு என்றால் அம்புட்டு ஆசை; “நானும் உங்கள மாதிரி கணக்கு டீச்சராவேன்” என்பாள். ஆனால் அந்த மாதம் முழுக்க லேட். வேர்த்து விறுவிறுத்து, செருப்பில்லாத காலில் புழுதியோடு வாசலில் நிற்பாள். கேட்டால் வயித்துவலி. “நடிக்காதடி” என்று தையல் ரூமுக்கு அனுப்பாமல் நானே அவளை எதிரே உட்கார வைத்தேன். இரண்டு நாள் தரையைப் பார்த்தாள். மூணாம் நாள் அழுதுகொண்டே சொன்னாள். தல்லாகுளத்தில் ஒருத்தன் பஸ்ஸில் ஏறுகிறான், கூட்டத்தில் வந்து உரசுகிறான். அவனுக்குப் பயந்து அதற்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி, வைகைப் பாலம் தாண்டி நடந்தே வருகிறாள்.

எனக்கு ஒரே பெருமை, தையல் ரூம் இல்லாமலே வாயைத் திறக்க வைத்துவிட்டேன் பாருங்கள்! அடுத்து என்ன? பள்ளிக்கூடங்களில் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதானே, அப்பாவைக் கூட்டிட்டு வா.

“வேணாம் டீச்சர், அப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம் டீச்சர்” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பயப்படாத, நான் பேசிக்கிறேன்” என்று நானே கார்டு எழுதிப் போட்டேன்.

அவர் வந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாற்காலியில் உட்காராமல் நின்றே கேட்டார். கத்துவார் என்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. கும்பிட்டார்.

“நல்ல நேரத்துல சொன்னீக தாயி. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகியிருந்தா நாங்க ஊருல தலை நிமிர முடியுமா? இனி இவ பஸ்ஸே ஏற வேணாம், வீட்டோட கெடக்கட்டும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

நான் என்னென்னவோ பேசினேன். படிப்பு, கணக்கு, எதிர்காலம் எல்லாம். அவர் திரும்பத் திரும்பக் கும்பிட்டார். பாண்டியம்மாள் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள். என்னைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் ஜைனம்பு டீச்சர் என்னைத் தையல் ரூம் வாசலில் நிறுத்தினார். “யாரக் கேட்டு அவுக அப்பாவக் கூப்புட்டீங்க?” அவருக்கு முன்னமே தெரியுமாம்; மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் தானாகவே தையல் ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தாளாம். சேலைக்குக் குத்துகிற பெரிய ஊக்கு ஒன்றைக் கொடுத்து, பக்கத்தில் வந்தால் ஒரே குத்தாகக் குத்து என்று சொல்லியிருந்தாராம். தல்லாகுளத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரை வருகிற திங்கட்கிழமையிலிருந்து அதே பஸ்ஸில் அவளோடு வரச் சொல்லியிருந்தாராம். “அவ உங்ககிட்ட சொன்னது உங்களுக்குத்தாம்மா. அவுக அப்பாவுக்கு இல்ல.” அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் என்னோடு பேசவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தது நான்தான்.

போன வாரம் அந்தப் புது அறையில் ஆலோசகர் பெண் படிவம் ஒன்றைக் காட்டினாள். நல்ல பிள்ளை. முதல் வரியில் அப்பா பெயர், போன் நம்பர்.

“இந்த நம்பருக்கு எப்பம்மா கூப்புடுவீங்க?”

“உடனே சொல்லிருவோம் மேம். ரூல்ஸ் அப்படித்தான்.”

“பிள்ளையக் கேட்டுட்டுக் கூப்புடும்மா” என்றேன். “காபி சாப்பிடுங்க மேம்” என்று சிரித்தாள். நானும் அந்த வயதில் அப்படித்தான் சிரித்திருப்பேன். காபியைக் குடித்தேன்.

மிஷின்கள் எங்கே போயினவோ தெரியாது. ஜைனம்பு டீச்சரும் காலமாகி வெகு நாளாகிறது. பாண்டியம்மாள் பாதி தைத்துத் தையல் ரூமிலேயே விட்டுப்போன துணியை, அவள் அதில் குத்தி வைத்திருந்த அந்த ஊக்கோடு, அவர் ரிட்டையராகிற அன்றைக்கு என் கையில் கொடுத்தார். “நீங்களே வச்சுக்கங்க” என்றார். மூணு வீடு மாறினதில் நான் அதையும் தொலைத்துவிட்டேன்.