குளிசையை நிறுத்திய பிறகு

சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட ஸ்கூட்டியோடு விழுந்ததில் என் வலது தொடை எலும்பு முறிந்தது. தகடு வைத்தார்கள். வலிக்கு இரண்டு கிழமைக்கென்று ஒரு குளிசை தந்தார்கள். அபினி இனத்தைச் சேர்ந்த மருந்து. நான் அதை ஏழு மாதம் போட்டேன்.

வலி இரண்டாம் மாதமே போய்விட்டது. ஆனால் குளிசை போட்டுக் கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் ஒரு வெதுவெதுப்பு பரவும். விடைத்தாள் திருத்துவதுகூட அப்போது இனித்தது. பழைய மருந்துத் துண்டைக் காட்டி வேறு வேறு கடைகளில் வாங்கினேன்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிப்பவள். மூளையில் இன்ப உணர்வைத் தூண்டும் டோபமைனைச் சுரக்கும் கலங்கள், அதாவது உயிரணுக்கள், உண்டு. அவை கண்டபடி சுரக்காமல் அடக்கி வைக்க வேறு கலங்கள் உண்டு. இந்த வகை மருந்து அடக்குகிற கலங்களையே அடக்கிவிடும்; டோபமைன் தடையில்லாமல் வரும். கரும்பலகையில் இதைப் படம் கீறி விளங்கப்படுத்துகிறவள்தான் நான். தெரிந்துகொண்டே போட்டேன்.

நாளுக்கு ஒரு குளிசை மூன்றாகியது. ஒருநாள் வகுப்பில் நின்றபடியே கண் அயர்ந்து மேசையில் சரிந்தேன். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். நடுக்கமும் வியர்வையும் சில கிழமைகளில் அடங்கின. அதன் பிறகு மனதில் ஒன்றுமே இல்லை. சோறு வெறும் சோறாக இருந்தது. அழுகையும் வரவில்லை.

அந்த நாட்களில்தான் கனடாவிலிருந்து மகள் போன் எடுத்தாள்.

"அம்மா, நீங்கள் அம்மம்மா ஆகப்போறியள்!"

"சந்தோஷம் பிள்ளை. பாரம் தூக்காதை. நேரத்துக்குச் சாப்பிடு."

"என்னம்மா, ஒரு மாதிரிக் கதைக்கிறியள்?"

"லைன் சரியில்லை" என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

பக்கத்தில் நின்ற என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளிப்பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் ஓட்டுகிறவர். போனை வைத்ததும், "என்ன நடக்குதெண்டு எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும்" என்றார். குளிசையின் கதையை அன்றைக்குத்தான் அவருக்குச் சொன்னேன்.

"மூளையிலை சந்தோஷத்துக்கு ஒரு பிரேக் இருக்கு. குளிசை அந்தப் பிரேக்கைப் பிடிக்க விடேல்லை. கனநாள் அப்பிடி இருந்ததாலை, இப்ப பிரேக் முந்தியிலும் பாக்க இறுகிப்போச்சு."

அவர் வான் சாவியை மேசையில் வைத்தார். பிறகு, "ஏழு மாதமா எனக்குச் சொல்லேல்லை" என்றார்.

"ஓம்."

அவருக்கு நொந்திருக்கும் என்று தெரிந்தது. தெரிந்ததே தவிர, எனக்கு நோகவில்லை. அவர் எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். குடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நானே எடுத்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் அழுதாள். அழுது முடியும்வரை போனைக் காதில் வைத்திருந்தேன்.

நான்கு மாதம் கழிந்தது. நெல்லியடியில் பின்னேர வகுப்பை முடித்துவிட்டு பஸ்ஸில் நின்று வந்தபோது, ஒருவர் தன் வெங்காய மூட்டையை என் வலது காலில் சாய்த்தார். "கண் தெரியேல்லையே உமக்கு? தகடு வைச்ச கால் இது!" என்று கத்தினேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் மூட்டையை இழுத்துக்கொண்டு, "குறை நினையாதேங்கோ அக்கா" என்றார். என் முகம் கொதித்தது. குளிசையை நிறுத்திய பிறகு எனக்கு வந்த முதல் கோபம் அது.

வீட்டுக்குப் போய், கோபம் வந்ததைக் கணவரிடம் சொன்னேன். "ஆரோடை சண்டை?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதன் பிறகு இரண்டு கிழமைக்குத் திரும்பவும் கோபமோ சிரிப்போ ஒன்றும் வரவில்லை.