கைக்கு எட்டாத போல்ட்

பட்டறையில் அவனுக்குக் கொக்கி என்று பேர். எலும்பும் தோலுமான நீளக் கை. எஞ்சினின் எந்த இடுக்கிலும் நுழைந்துவிடும். “கடவுள் உனக்குச் சதை வெக்க மறந்துட்டாரு, அதை வெச்சே பொழைச்சுக்கிட்ட” என்று லாரிக்காரர்கள் கேலி பண்ணுவார்கள். அவனும் சிரிப்பான். அந்தச் சிரிப்பெல்லாம் தங்கச்சி புருஷன் இருந்த வரைக்கும்தான்.

மச்சானுக்குச் சொந்த லாரி இருந்தது. கிழட்டு லாரி, எஞ்சின் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தகர மூடிக்குக் கீழே இருக்கும். ஒரு மழைநாளில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டபடி தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். தூக்கத்திலேயே போனது நல்ல சாவு என்றான் ஒரு புண்ணியவான். அவன் வாயில் மண்ணை அள்ளிப் போட!

லாரி பட்டறை வாசலுக்கு வந்தது. கூடவே தங்கச்சியும் வந்தாள். பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று தினமும் எஞ்சினைப் போட்டு, தெருப்புழுதிக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காருவாள். ஒருநாள் இறங்கி வந்தவள் முகத்தில் அப்படி ஒரு களை.

“அண்ணே, அவரு பேசுறாரு. சாப்டியான்னு கேக்குறாரு.”

அன்றிலிருந்து அவள் வண்டியே கதியென்று கிடந்தாள். சோறு இறங்கவில்லை, தலைவலி விடவில்லை, ஆள் பாதியாகிவிட்டாள். விட்டால் இவளையும் வாரிக் கொடுக்க வேண்டியதுதான் என்று கொக்கி பயந்தான். வண்டியைச் சரிபண்ணி ஓட்டத்துக்கு அனுப்பிவிட்டால் அவளும் மனுஷியாவாள் என்று நினைத்தான்.

எஞ்சின் டக் டக்கென்று அடித்தது. புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் இரும்புக் குழாய் எஞ்சினோடு சேரும் சந்தை அடைக்கும் பேக்கிங் போயிருக்கும். குழாயைக் கழற்ற வேண்டும். கொக்கி எப்போதும் கஷ்டமான போல்ட்டில்தான் முதலில் கை வைப்பான். மற்றது தானாக வழிக்கு வரும் என்பான். வரிசையில் கடைசி போல்ட் கேபினின் பின்சுவரை ஒட்டி இருந்தது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். துருப்பிடித்து, அசைவேனா பார் என்றிருந்தது.

சூடேறினால் துரு இளகும். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கதவைச் சாத்தி, எஞ்சினைப் போட்டு, மூடியைத் திறந்துவைத்துக் காத்திருந்தான். டீசல் வண்டியில் புகை நாற்றம் அடிப்பது புதிதா என்ன? நெற்றிப்பொட்டு விண்விண்ணென்றது. எஞ்சினை நிறுத்தக்கூடத் தோன்றாமல் கையை உள்ளே விட்டான்.

“மெதுவா மச்சான்” என்றது குரல், காதோரம். “முறுக்கி ஒடிச்சுடாத.”

சத்தியமாக மச்சான் குரல்தான். “சரி மச்சான்” என்றான் கொக்கி. எத்தனை காலத்துக்கு அப்புறம் கேட்கிறது! பேசிக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

கதவைத் திறந்தது தங்கச்சி. பொத்தென்று மழையில் விழுந்து வாந்தியெடுத்தான். அவள் பக்கத்தில் குந்தினாள்.

“உனக்கும் கேட்டுச்சா? நான் சொன்னேன்ல!”

நல்ல காற்று பட்டதும் குரல் போய்விட்டது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“அது மச்சான் இல்லம்மா. புகை. புகை ஏறினா மூளை இப்படிக் காட்டும். அவரும் இதுலதான்...”

மறுநாள் கதவுகளைத் திறந்துபோட்டு, எஞ்சினைப் போடாமலே வேலையில் இறங்கினான். டீசலை ஊற்றி ஊறவிட்டு, தலையில் தட்டி, முதலில் கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்தி, மறுபடி இறுக்கி, தாஜா பண்ணினான். கடைசியில் கிரீச்சென்று ஒரு சத்தம் போட்டு போல்ட் வந்தது.

எஞ்சினிலிருந்து புகை வரும் மற்ற ஓட்டைகளில் எல்லாம் பேக்கிங் புதிதாக இருந்தது. அந்த மூலையில் மட்டும் கருகிப் பொடிந்து, நகம் நுழையும் சந்து. எட்டாத போல்ட்டுக்கு ஒரு கும்பிடு என்று தொழிலில் சொல்வார்கள். எத்தனை பட்டறைக்காரன் கும்பிட்டுவிட்டுப் போனானோ! பாவிகள் மச்சானைக் கூறுகெட்டத்தனமாகக் கொன்றுவிட்டார்கள்.

புதுப் பேக்கிங் வைத்துப் பூட்டி எஞ்சினைப் போட்டான். டக் டக் நின்றுவிட்டது. தங்கச்சி ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கொக்கி தடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து அவளே கதவைத் திறந்தாள்.

“ஒண்ணுமே பேச மாட்டேங்குறாரு.”

எஞ்சின் சூடான பிறகு போல்ட்டுகளை இன்னொரு தரம் இறுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்பானரோடு ஏறினான். அவள் அவன் கையைப் பிடித்தாள்.

“புகைன்னு நீ சொன்னது புரியுதுண்ணே. நான் ஒண்ணும் பைத்தியம் இல்ல. ஆனாலும் அந்தக் கடைசி போல்ட்டை மட்டும் லேசா விடேன். ஒரே ஒரு சுத்து.”

கொக்கிக்கும் அந்தக் குரல் வேண்டித்தான் இருந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வான்? தகர மூடிக்குள் குனிந்து, கொதிக்கும் இரும்பு முழங்கையைச் சுட்டதையும் பார்க்காமல் இறுக்கினான். இதற்கு மேல் இறுகாது என்றான பிறகும் தலையை வெளியே எடுக்கவில்லை. கண்ணீரை அவள் பார்த்துவிடக் கூடாது.

“இறுக்கிட்டியாண்ணே?”

“இறுக்கிட்டேம்மா.”

புருஷன் செத்ததற்கு அவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.