தம்பியைப் பாஸாக்க மட்டாஞ்சேரிக்குப் போனோம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: கலூரில் வசிக்கும் என் தம்பி தர்ஷன், வயது நான்கு, சென்ற சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு சாக்ஸ் அணிய இசைந்தார். வலது காலில் மட்டும். இடது கால் தொடர்பான பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. செய்திகள் முடிந்தன.

இதைச் செய்தி என்று ஒப்புக்கொள்ளும் வீடுகள் இருக்கின்றன. இந்தப் பதிவு அவர்களுக்குத்தான். எர்ணாகுளம் பக்கம் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களில், குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை, நடை வரவில்லை, இதை யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். போய்ப் பார்த்து வந்தவன் என்ற முறையில் வழியை எழுதி வைக்கிறேன்.

முதலில் எங்களைப் பற்றி. ஊர் சின்னமனூர். அப்பா எர்ணாகுளம் மார்க்கெட்டில் காய்கறிக் கடையில் வேலை பார்க்கிறார். அம்மா கலூரில் ஒரு ஹோட்டலில் காய் நறுக்குகிறாள். நான் பிளஸ் ஒன். பள்ளிக் கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளிவைத்து, ஒரு வாரம் முழுப் பள்ளியையும் சீக்கிரம் சாப்பிட வைத்தவன். தமிழைவிட மலையாளம் வேகமாகப் படிப்பேன். எனவே எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்தருளுங்கள், இல்லையென்றால் பொறுக்கி அனுப்புங்கள்.

தர்ஷன் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். யாரையும் சட்டை செய்ய மாட்டான். பல நாள் சட்டை போடவும் மாட்டான். வேண்டியதைக் கேட்க மாட்டான் என்பதுதான் அம்மாவுக்குப் பெரிய கவலை. பசித்தால் சுவரோரம் போய் நின்று அழுவான். தண்ணீரா, பிஸ்கட்டா, ஃபேனா என்று நாங்கள்தான் ஒவ்வொன்றாக நீட்டிப் பார்க்க வேண்டும். சில நாள் எதுவுமே சரியாக இருக்காது. அழுது களைத்துத் தூங்கிவிடுவான்.

எங்கள் அங்கன்வாடி டீச்சர்தான் மட்டாஞ்சேரியைப் பற்றிச் சொன்னார். இப்படிப்பட்ட குழந்தைகளின் பெற்றோர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு மாடியறை. சனிக்கிழமை பத்து மணி முதல் ஒரு மணி வரை. பேச்சுப் பயிற்சி தருகிறவர் வருகிறார், காசு வாங்குவதில்லை. ஆனால் வாரா வாரம் வரும் குழுவில் ஆறு குழந்தைகளுக்குத்தான் இடம். ஒரு பெண் பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டதால் ஓர் இடம் காலி. முதல் நாள் குழந்தையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

இருப்பது ஓர் இடம், பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள் என்றால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே பொருள்: பரீட்சை. அப்பா கடையில் சேர்ந்தபோது மூட்டை தூக்கிக் காட்டினார். அம்மா ஹோட்டலில் வெங்காயம் நறுக்கிக் காட்டினாள். மலையாளப் பள்ளியில் சேர நான் எழுதிக் காட்டினேன். தர்ஷன் எதைக் காட்டுவான்?

அந்தப் பொறுப்பை நான் ஏற்றேன். கொச்சியில் கோச்சிங் நடத்த என்னைவிட்டால் ஆள் ஏது? சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நான்கு பாட்டில் மூடிகள். மூன்று வாரம் தினமும் அரை மணி நேரம். நிறம் அவன் மண்டையில் ஏறவில்லை. ஆனால் நான் சொடக்குப் போட்டால் மட்டும் திரும்பிப் பார்த்தான். அந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்கும். பிறகென்ன, பாடத்திட்டத்தை மாற்றினேன். அவன் கை ஒவ்வொரு மூடியாகத் தடவிக்கொண்டு போகும். சரியான மூடிக்கு வந்ததும் ஒரு சொடக்கு. கைக்கு அடியில் இருப்பதை எடுத்துக் கொடுத்தால் ஒரு பிஸ்கட். நான்காவது வாரம் பார்த்தால் பையன் மேதை. அம்மா பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டார். சொடக்கைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

இனி பயணம். காலை 7.40க்கு வீட்டைவிட்டுக் கிளம்பினோம்: அம்மா, தர்ஷன், நான். அப்பாவுக்குச் சனிக்கிழமை கடையை விட்டு வர முடியாது. கலூர் பஸ் ஸ்டாண்டுக்கு 600 மீட்டர் நடை. 8.05க்குத் தனியார் பஸ். போட் ஜெட்டி வரை நான்கு கிலோமீட்டர், நெரிசலில் இருபத்தைந்து நிமிடம். தலைக்குப் பதின்மூன்று ரூபாய், தர்ஷனுக்கு டிக்கெட் இல்லை. சீருடை போடாமல் மாணவர் சலுகை கேட்டுப் பார்த்தேன். கண்டக்டர் சேட்டன் என் மீசையைப் பார்த்துச் சிரித்தார். அது சலுகையை மறுப்பதா, மீசையை மறுப்பதா என்று தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை: குழந்தையைத் தூக்கிக்கொண்டு மணிக்கயிற்றுக்குக் கீழே நிற்காதீர்கள். தர்ஷன் எட்டி ஒரு முறை இழுத்தான், பஸ் நின்றது. அவனுக்குப் பிடித்துப்போய் இரண்டு முறை இழுத்தான், பஸ் கிளம்பியது. இறங்கப் போன ஒருவர் இறங்க முடியாமல் அடுத்த நிறுத்தம்வரை எங்களைத் திட்டிக்கொண்டே வந்தார். இந்தக் குறும்பை நான்கு வயதில் நானே செய்ததில்லை.

ஜெட்டியில் 8.50 படகு. ஃபோர்ட் கொச்சிக்கு ஆறு ரூபாய், இருபது நிமிடம். எஞ்சினுக்கு அருகே உட்கார்ந்தோம். அந்த அதிர்வு பலகையில் ஏறி வரும். தர்ஷன் கன்னத்தைப் பலகையில் வைத்துக்கொண்டு கரை சேரும்வரை அசையவில்லை. உங்கள் குழந்தைக்கு அதிர்வு ஆகாதென்றால் முன்பக்கம் போய்விடுங்கள். ஏசி வேண்டுமென்பவர்களுக்கு வாட்டர் மெட்ரோ இருக்கிறது, கட்டணம் கூடுதல்.

ஃபோர்ட் கொச்சி ஜெட்டியிலிருந்து மட்டாஞ்சேரி மாடியறைக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் எண்பது கேட்டார், அறுபதுக்கு ஒப்புக்கொண்டார். இடத்தைச் சொன்னதும், “அந்தக் குட்டிங்களோட ஸ்தலம்தானே?” என்று கேட்டுவிட்டு, நாங்கள் சொல்லாமலேயே பாட்டை நிறுத்தினார். பஜார் ரோட்டில் ஒரு லாரி வழிமறித்தபோதுகூட ஹாரனைத் தொடவில்லை. இறங்கும்போது அம்மா முழு எண்பதையும் நீட்டினாள். அவர் இருபதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அறை ஒரு சுக்கு, மிளகுக் கிடங்கின் மேலே இருக்கிறது. பதினெட்டு மரப்படி, செங்குத்து. சக்கர நாற்காலியில் வரும் குழந்தைகளுக்குக் கிடங்கின் பின்பக்கம் சரிவுப்பாதை போட்டிருக்கிறார்கள். அந்த வழியில் மூட்டை வண்டிகள் வரும், பார்த்துப் போங்கள். மேலே ஏறியதும் நான்கு முறை தும்மினேன். ஐந்தாவதற்குள் செல்வி அக்கா வந்து கைக்குட்டை கொடுத்தார்.

செல்வி அக்கா அந்தக் குழுவில் ஒரு பெண்ணின் அம்மா. மூன்று தலைமுறையாக ஃபோர்ட் கொச்சியில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பம். புதிதாக வருகிறவர்களுக்கு நடைமுறையைச் சொல்வது அவர் வேலை. முதலாவது, வாரக் குழுவில் இடம் கிடைத்தால் வீட்டிலிருந்து ஒருவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட வந்தே ஆக வேண்டும். அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஹோட்டலில் மாதம் ஒரு சனிக்கிழமைதான் விடுப்பு. எனக்கோ சனிக்கிழமைதான் கலூரில் கால்பந்து. இரண்டாவது, பதினொன்று முதல் பன்னிரண்டு வரை பெற்றோர்கள் யாரும் அறையில் இருக்கக் கூடாது. முறை போட்டு இரண்டு பெற்றோர் மட்டும் தங்கி எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வார்கள். மற்றவர்கள் வெளியே போய்விட வேண்டும்.

அம்மா மாட்டேன் என்றாள். தர்ஷன் அழுவான், யாருக்கும் புரியாது, தான் கதவுக்கு வெளியிலாவது நிற்கிறேன் என்றாள். செல்வி அக்கா அவள் கையிலிருந்த பையை வாங்கி ஆணியில் மாட்டினார்.

“வா சேச்சி, சாயா குடிச்சிட்டு வரலாம். நாம நின்னா குட்டிங்க நம்ம மொகத்தயேதான் பாக்கும். உம் மூத்தவன் இருக்கான்ல.”

மூத்தவன் இருந்தான். அதுதான் சிக்கல்.

பயிற்சி தருகிறவர் பெயர் சுஹ்ரா டீச்சர். கொச்சிக்காரர், தமிழ் பேசுவார், பாதி மலையாளம் கலந்துதான் வரும். பாயில் தர்ஷனுக்கு எதிரே உட்கார்ந்தார். நான் டீச்சருக்குப் பின்னால் ஒரு நாற்காலியில். அவரிடமும் நிற மூடிகள் இருந்தன. சிவப்பு எங்கே என்றார். சொடக்கு. எடுத்துக் கொடுத்தான். நீலம். சொடக்கு. மஞ்சள், பச்சை, மறுபடி நீலம். ஐந்துக்கு ஐந்து. ஃபேன் சத்தத்திலும் குழந்தைகளின் இரைச்சலிலும் என் விரல்களை யாரும் கவனிக்கவில்லை. டீச்சர் ஒவ்வொரு தடவையும் தாளில் எழுதினார். எனக்கு உள்ளுக்குள் விசில் பறந்தது.

எழுதி முடித்துத் திரும்பினார். “இவனுக்கு நல்லா மனசிலாகுது மோனே. அப்போ மாசத்துல ஒரு தடவ வந்தா மதி. சனிக்கிழம சீட்டு இவனவிடக் கஷ்டப்படற குட்டிக்குக் கொடுக்கணும்.”

மலையாளத்தில் மதி என்றால் போதும். என் மதி அந்த இடத்திலேயே நின்றுபோனது. இங்கே பாஸானால் இடம் கிடைக்காது. வாரம் ஒரு பயிற்சி என்பது மாதம் ஒன்றாகிவிடும். கேட்கத் தெரியாத பையன் இன்னும் எத்தனை நாள் சுவரோரம் நின்று அழுவான் என்று யாருக்கும் தெரியாது. நான்கு வாரம் பாடுபட்டு நானே அவனை வெளியே தள்ளியிருக்கிறேன்.

அப்போது நான் எழுந்து நின்றேன். “டீச்சர், அவனுக்கு நிறம் தெரியாது. நான்தான் சொடக்குப் போட்டேன்” என்றேன். உண்மை பேச நெஞ்சுரம் வேண்டும் என்பார்கள். எனக்கு இருந்தது. கைதட்ட விரும்புகிறவர்கள் இந்த இடத்தில் தட்டலாம்.

டீச்சர் என்னை வெளியே அனுப்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். தர்ஷன் நீல மூடியை வாயில் வைத்துக்கொண்டான். மற்ற மூன்றையும் வரிசையாக அடுக்கினான். டீச்சர் பழைய தாளைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

“இது பரீட்ச இல்ல மோனே. இவனுக்கு எது வரலியோ அதத்தான் நான் பாக்கணும். நீ அத ஒளிச்சு வெச்சா நான் எதப் படிப்பிக்க?”

அம்மாவிடம் நீயே சொல்லிக்கொள் என்றும் சொன்னார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அம்மா படியேறி வந்தாள். தர்ஷன் அழுதானா என்று கேட்பாள் என நினைத்தேன். “நாலு வருசம் கழிச்சு இன்னிக்குத்தான்டா சாயாவச் சூடாக் குடிச்சேன்” என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். பிறகு, சனிக்கிழமை இடம் தர்ஷனுக்கே என்று டீச்சர் சொல்லிவிட்டதையும் சொன்னேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட வர வேண்டியவன் நான். சிலருக்கு ஏழரை வருடம்தான் சனி பிடிக்கும். எனக்கு வாரா வாரம்.

1.10க்குக் கிளம்பி, அதே வழியில் மூன்று மணிக்கு வீடு. போக வர மொத்தம் 196 ரூபாய், தின்பண்டம் தனி.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இடத்தின் பெயரையும் எண்ணையும் இங்கே போடவில்லை. அங்கன்வாடி டீச்சரிடம் கேளுங்கள், உங்கள் பக்கத்திலேயேகூட இப்படி ஓரிடம் இருக்கலாம். மருத்துவமனைச் சீட்டு இருந்தால் கொண்டுபோங்கள், இல்லையென்றாலும் உள்ளே விடுவார்கள். மாற்று உடை இரண்டு, குழந்தை வழக்கமாகச் சாப்பிடும் ஏதாவது ஒன்று. நாற்பத்தைந்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள், சாக்ஸுக்காக. பெற்றோர்களை வெளியே போகச் சொன்னால் போய்விடுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், குழந்தைக்கு வராததை வரும் என்று காட்டாதீர்கள். வீட்டில் எப்படி இருக்கிறானோ அப்படியே கொண்டுபோய் உட்கார வையுங்கள். பேச வேண்டியதை டீச்சர் அவனிடம் பேசிக்கொள்வார்.

கடைசியாக ஒரு திருத்தம். கைதட்டியவர்கள் கையை எடுத்துவிடுங்கள்.

நான் எழுந்து நிற்கவில்லை. மாதம் ஒரு தடவை போதும் என்று டீச்சர் சொன்னபோது மதி நின்றது உண்மை. ஆனால் அடுத்த நொடியே ஓட ஆரம்பித்து, மாதத்தில் மூன்று சனிக்கிழமை கால்பந்துக்கு மிச்சம் என்று கணக்குப் போட்டது. வாயைத் திறக்காமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தர்ஷன்தான் எழுந்தான். பாயைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தான். என் வலது கையைப் பிடித்தான். கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து வைத்து அழுத்தினான். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்திவிட்டு, என் விரல்களையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

டீச்சர் என்னடா இது என்றார். அதற்குப் பிறகுதான் நான் எல்லாவற்றையும் கொட்டினேன், உட்கார்ந்தபடியே. அவர் புதுத் தாளில் முதலில் எழுதியது நிறங்களைப் பற்றி இல்லை. தலைகீழாக இருந்தாலும் மலையாளம் என்பதால் படித்துவிட்டேன்: வேண்டியதை, அடுத்தவர் கையைப் பிடித்துக் கேட்கிறான்.

அவன் கேட்டதையும் டீச்சர் எழுதியதையும் அம்மாவிடம் அன்றே சொன்னேன். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். நான் எழுந்து நின்றதாகச் சொன்ன பகுதியை மட்டும் மாற்றவில்லை. உண்மை பேசியதற்காக அவள் ஜெட்டிக்குப் பக்கத்தில் எனக்கு இரண்டு பழம்பொரி வாங்கிக் கொடுத்தாள். நியாயப்படி அவை தர்ஷனுக்குச் சேர வேண்டியவை. படகு வருவதற்குள் இரண்டையும் நானே தின்றுவிட்டேன்.