பெரியப்பாகிட்ட சொல்லு

பாகம் பிரித்த நாளிலிருந்து அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. பேசாமல் இருக்கவும் அவர்களால் முடியவில்லை. அதற்குத்தான் நான் இருந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே காய்ந்த முள் அடைத்த வேலி. ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு, ‘பெரியப்பாகிட்ட சொல்லு’, ‘ஒங்கப்பன்கிட்ட சொல்லு’ என்பார்கள். இருவர் காதிலும் எல்லாம் தெளிவாக விழும். இருந்தும், நான் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்ன பிறகே பதில் வரும். ஏழு வயதுக்காரிக்கு அது பெரிய உத்தியோகம். கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

எங்கள் ஊர் முண்டியம்பாக்கத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில், தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. கரி எஞ்சின்கள் புகையோடு பொறியையும் துப்பிக்கொண்டு போன காலம். ஒரு பங்குனியில், பக்கத்து ஊரில் யாருடைய வைக்கோல் போரிலோ பொறி விழுந்து, தீ வேலி வழியாகவே ஓடித் தெருவையே தின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. மறுநாள் காலையில் அப்பா கடப்பாரையும் கொடுவாளுமாக வேலியில் இறங்கிவிட்டார். எங்கள் போர் அந்த வேலியில் சாய்ந்துதான் நின்றது. வேலிக்கு அப்பால் பெரியப்பாவின் கூரை வீடு. உள்ளே தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அவர் மகள், என் அக்கா. அதையடுத்துத் தெருக்கோடி வரை கூரையோடு கூரை.

பெரியப்பா ஓடிவந்தார். “இன்னாத்துக்கு வேலியப் பிரிக்கிறான்? பாகத்தக் கலைக்கிறானா? சாண் நெலம் போனாலும் சும்மா வுட மாட்டேன்னு சொல்லு.”

சொன்னேன்.

“நெருப்பு பாகம் பாத்துக்கினா வரும்? எம் போரு எரிஞ்சா அவுரு கூரை மிஞ்சாதுன்னு சொல்லு.”

அதையும் சொன்னேன். பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா வேலியை அகற்றினார். போரைப் பிரித்து, வேர்க்கடலை பிடுங்கி முடிந்து கிடந்த மல்லாட்டைக் கொல்லையின் நடுவில் கொண்டுபோய்ப் போட்டார். சுற்றிலும் காய்ந்த புல்லை மண் தெரியச் செதுக்கினார். மாடு இங்கே, தீனி அங்கே, சுமப்பது யார் என்று அம்மா பல நாள் வாய் ஓயாமல் கேட்டாள். அவள் கேட்டதும் நியாயம்தான்.

சித்திரையில் ஒரு பகல், மத்தியான வண்டி போன சற்று நேரத்தில் போர் பற்றிக்கொண்டது. ஊரே குடத்தோடு ஓடிவந்தது. கிட்டே நெருங்க முடியவில்லை. வருஷத்துத் தீனி முழுவதும் கண்ணெதிரே எரிந்தது. செதுக்கிய மண் வரை தீ வந்தது. மேலே போகப் பிடிப்பதற்கு ஒன்றுமில்லாமல் அங்கேயே படுத்துவிட்டது. அம்மா அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அப்பா மட்டும் திரும்பித் தெருவின் கூரைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, ஏதோ கிடைத்தவர்போல முகம் தெளிந்து நின்றார். எல்லாம் எரிந்துபோன மனுஷருக்கு இதில் என்ன நிம்மதி என்று எனக்குக் கோபமாக வந்தது.

பெரியப்பா மெல்ல வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

“எம் போர்ல பாதி எடுத்துக்கோடா. மாடு பட்டினி கெடக்கக் கூடாது. மீதியயும் நாளைக்கி ரெண்டு பேருமா தள்ளிப் போட்டுடலாம்.”

அப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்காகத்தான் காத்திருக்கிறார் என்று, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

“பெரியப்பா சொல்றாருப்பா, அவுரு போர்ல பாதி எடுத்துக்கணுமாம். மாடு பட்டினி கெடக்கக் கூடாதாம்.”

அழுதுகொண்டிருந்த அம்மாவே சிரித்துவிட்டாள். பெரியப்பாவும் சிரித்தார். அப்பா என் தலைக்கு மேலாகவே “சரிண்ணே” என்றார்.

அதன்பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை. வேலி இருந்த இடத்தில் தினமும் போய் நின்று பார்த்தேன். அன்றைக்கு எந்தச் சொல்லை விட்டுவிட்டேன் என்று வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.