மறுகாலின் மேல்பலகை

இன்று காலை எங்கள் அடுக்ககத்தின் தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். வாடை நான்காம் மாடிவரை ஏறி வந்தது. அண்டை வீட்டார் சன்னல்களைச் சாத்தினார்கள். நான் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு இது பழகிய வாடை. தொண்ணூறுகளில், பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலத்தில், என் சட்டைகளில் இதுதான் மணத்தது. பெண் பார்க்கப் போன வீட்டிலும் மணத்ததாகத் தங்கை இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையிலிருந்த எங்கள் ஊரில் வீடுகள் ஒரு குளத்தை ஒட்டி நின்றன. வடக்கே மேட்டில் ஒரு வரிசை. தெற்கே பள்ளத்தில் ஒரு வரிசை. மிகுந்த நீர் வழிந்தோடும் மறுகாலில் மூன்று பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகப்பட்டிருக்கும். மூன்றும் இருந்தால் மேட்டுக் கிணறுகளில் கோடையிலும் தண்ணீர் கிடக்கும். வேதியியல் படித்தவன் என்பதால் ஊர்க்குழு அந்தப் பலகைகளை என் பொறுப்பில் விட்டது. வேதியியலுக்கும் பலகைக்கும் என்ன உறவு என்று நான் கேட்கவில்லை. ஏதோ ஒரு வேலை கிடைத்ததே என்றிருந்தது.

மாலைகளில் பள்ளத்து வரிசையில் லீலாபாய் அக்கா வீட்டில் பால் சேர்க்காத கட்டன்சாயா குடிப்பேன். அவர் கணவர் வளைகுடாவில் இருந்தார், பிள்ளைகள் இல்லை. வெள்ளிதோறும் சபையார் அங்கே ஜெபத்துக்குக் கூடுவார்கள். முடிந்ததும் எல்லோருக்கும் அவர் கிணற்றுத் தண்ணீரில் சாயா. நான் போகும் நேரம் தவிர அந்த வீட்டில் பேச்சொலி கேட்பது அன்றைக்குத்தான்.

எங்கள் ஊரில் இந்து வீடானாலும் கிறித்தவ வீடானாலும் கிணறு வடகிழக்கு மூலையில். கக்கூஸ் குழி வடமேற்கில். நிலம் விரிந்து கிடந்தவரை அதில் பிழையில்லை. உடன்பிறந்தார் பாகம் பிரித்துப் பிரித்துச் சில சென்டுகளாக்கிய பிறகு, ஒரு வீட்டின் குழி அடுத்த வீட்டின் கிணற்றை முட்டியது. எல்லோரும் முறைப்படியே தோண்டினோம், சேர்ந்தே கெடுத்துக்கொண்டோம். குளம் நிரம்பினால் பள்ளத்துக் குழிகளில் நீர் ஏறிக் கிணறுகளுக்குள் கசியும்.

கெட்ட தண்ணீர் என்றால் கறுத்துப்போகும் சோதனைக் குப்பிகளை வாங்கி வந்தேன். பள்ளத்தில் பல கிணறுகள் கறுத்தன. அக்கா தன் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கட்டன்சாயா மாதிரி இருக்கே மக்கா. சீனி போட்டா போரும்."

எந்தெந்த வீட்டுக் கிணறுகள் கறுத்தன என்று குழுவில் சொல்லி, மேல்பலகையை எடுக்க வேண்டும் என்றேன். குழுத்தலைவர் சுகுமாரன் அண்ணன், எங்கள் மேட்டு வரிசைக்காரர், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"எலே, நீயும் மேட்டுக்காரனாக்கும். பங்குனியில உனக்க அம்மை எங்க போயி குடத்துல வெள்ளம் கோருவா?"

"பள்ளத்துல குடிக்கியது விஷமில்லியா அண்ணா?"

"அவிய காலம்காலமா குடிக்கியாவ. நீ குப்பி கொண்டு வந்த பிறகுதான் விஷமாச்சு."

தாகமா நோயா என்று எடைபோட்டுப் பார்த்தேன். மறுநாள் பலகையை எடுத்தேன். கோடையில் அம்மா தொலைவிலிருந்து குடம் சுமந்தார். மேட்டில் யாரும் என்னைக் கண்டு நிற்பதில்லை. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது பள்ளத்தில் நடந்தது. கறுத்த கிணறுகள் பல. ஆனால் பலர் கூடிக் குடித்தது அக்கா வீட்டில்தானே. வெள்ளிக்கிழமை கோப்பைகள் நிறைந்தபடியே திரும்பின. பிறகு ஜெபக்கூட்டம் வேறு வீட்டுக்கு மாறியது.

அவர் கிணற்றில் வாரந்தோறும் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினேன். நீர்மட்டமும் இறங்கியிருந்ததால் அடுத்த குப்பி தெளிவாகவே நின்றது. அதை வீடுவீடாகக் கொண்டுபோய்க் காட்டினேன். நல்லதென்று தலையாட்டினார்கள், வெள்ளிக்கிழமை ஒருவரும் வரவில்லை.

"நீ செய்தது சரியாக்கும் மக்கா," என்றார் அக்கா. "ஆனா எனக்க கிணத்துக் காரியத்தை எனக்க செவியில மட்டும் சொல்லியிருக்கப்பிடாதா?"

அவரிடம் மட்டும் சொல்லியிருந்தால் மற்றவர்கள் குடித்துக்கொண்டே இருந்திருப்பார்கள். இன்று கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். அன்று பவுடர் வாளியை எடுத்துக்கொண்டு மேடேறினேன்.

குளத்தைத் தூர்த்து மைதானமாக்கிவிட்டார்கள். எல்லா வீட்டுக்கும் குழாய் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தண்ணீர் எப்படியென்று எவரும் எவரையும் கேட்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டு போனபோது அக்காவின் கிணற்றின்மேல் கான்கிரீட் மூடி இருந்தது. அதன்மேல் துணி காய்ந்தது. முதுமையில் என்னை அடையாளம் காண அவருக்குச் சற்று நேரமாயிற்று. கண்டுகொண்டதும் உள்ளே போய்க் கடைத் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து, முத்திரை உடையாததைத் திருப்பிக் காட்டிவிட்டு, என் முன்னாலேயே திறந்து தந்தார்.